பாராமீட்டர் டைப்பை மட்டும் ஏன் சார் கண்டுபிடிக்க மாட்டேங்குது?

போன இதழ்ல டைப் செக்கர் பத்தி ஓரமா நாலு வரி எழுதியிருந்தேன், ப்ரோக்ராமை ஓட்டாமலே எங்க ஸ்ட்ரிங்கையும் நம்பரையும் போட்டு குழப்பி வச்சிருக்கோம்னு காட்டிக் குடுக்கிற டூல்னு. அதுக்கு வந்த மெயில் எல்லாம் சுத்திச் சுத்தி ஒரே இடத்துல வந்து முட்டுது, ஃபங்ஷனோட பாராமீட்டருக்கு, அதாவது ப்ராக்கெட்டுக்குள்ள மதிப்பை வாங்கிக்கிற பேருக்கு, டைப்பை ஏன் அந்த டூல் தானே கண்டுபிடிக்கலைன்னு. அதனால இந்தத் தடவை பகுதி முழுக்க அதுதான். பேட்டரி, வைஃபைன்னு கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: சார், காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு பைத்தான்ல பில் போடுற ப்ரோக்ராம் எழுதினேன். ஒரு ஃபங்ஷனுக்குள்ள 'ரூ'ங்கிற ஸ்ட்ரிங்கோட 5-ங்கிற நம்பரை வேணும்னே கூட்டி வச்சேன், மைபைங்கிற டைப் செக்கர் பிடிக்குதான்னு பாக்க. அது பச்சைக் கலர்ல 'பிரச்சனை எதுவும் இல்ல'ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. இதெல்லாம் ஒரு டைப் செக்கரா? (ஒரு மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: உங்க ஃபங்ஷனோட முதல் வரியைப் பாருங்க. ப்ராக்கெட்டுக்குள்ள விலை, எண்ணிக்கைன்னு ரெண்டு பேர் மட்டும் இருக்கு, எதுக்கும் டைப் போடல, கடைசில அம்புக்குறி போட்டு என்ன திரும்பி வரும்னும் எழுதல. இப்படி ஒரு இடத்துல கூட டைப் எழுதாத ஃபங்ஷனுக்குள்ள மைபை எட்டிக்கூடப் பாக்காது. வெளிய எழுதி வச்சதை மட்டும் பாத்துட்டுதான் உங்களுக்கு பச்சை காட்டியிருக்கு.

இது தெரிஞ்சே எடுத்த முடிவு. பைத்தானுக்கு டைப் எழுதற வழக்கத்தைக் கொண்டு வந்தது பெப் 484-ங்கிற ஆவணம், 2014-ல எழுதி 2015-ல பைத்தான் 3.5-ஓட நடைமுறைக்கு வந்தது. அதுலயே, அனொட்டேஷன் (எழுதி வச்ச டைப்) இல்லாத ஃபங்ஷனை முடிஞ்ச வரைக்கும் பொதுவான டைப்பா எடுத்துக்கோ, இல்லன்னா கண்டுக்காம விடுன்னு செக்கர்களுக்கு சொல்லியிருக்காங்க. அந்தப் பொதுவான டைப்புக்குப் பேர்தான் எனி. எனியா இருக்கிற பாராமீட்டருக்கு எதை வேணா அனுப்பலாம், அதுக்கிட்ட எதை வேணா கேக்கலாம், செக்கர் வாயே தொறக்காது. 2015-ல உலகம் முழுக்க இருந்த பைத்தான் கோடுல பெரும்பாலும் டைப்பே கிடையாது, மொத நாளே அத்தனைக்கும் எர்ரர் கொட்டியிருந்தா ஒருத்தரும் அந்த டூலை ரெண்டாவது தடவை ஓட்டியிருக்க மாட்டாங்க.

ஒண்ணு செஞ்சு பாருங்க. பாராமீட்டரைத் தொடவே வேணாம், கடைசில அம்புக்குறி போட்டு ஸ்ட்ரிங்னு மட்டும் எழுதிட்டு மறுபடி ஓட்டுங்க. இப்ப 'ரூ' வரி உடனே மாட்டும், ஸ்ட்ரிங்கையும் இன்ட்டையும் (முழு எண்) கூட்ட முடியாதுன்னு வரி நம்பரோட வரும். விலையும் எண்ணிக்கையும் இன்னும் எனிதான், ஆனா ஏதோ ஒரு இடத்துல டைப் எழுதிட்டீங்க இல்லையா, அதனால உள்ள வந்து பாக்க ஆரம்பிச்சிருச்சு. இதுல ரொம்பப் பேர் மாட்டிக்கிறது மெயின் ஃபங்ஷன்லதான், அதுக்கு பாராமீட்டரே இல்லையே, என்னத்தை எழுதறதுன்னு வெறும் ப்ராக்கெட்டோட விட்டுருவாங்க, கடைசில பாத்தா ப்ரோக்ராம்ல பாதி அந்த மெயினுக்குள்ளதான் இருக்கும், அது பூரா செக் ஆகாமலே கெடக்கும். அங்கயும் அம்புக்குறி போட்டு 'நன்'னு (None, எதுவும் இல்லைங்கிறதுக்கு பைத்தான்ல இருக்கிற சொல்) எழுதணும். ஒவ்வொண்ணா எழுத அலுப்பா இருந்தா 'செக் அன்டைப்ட் டெஃப்ஸ்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணிட்டா எழுதாத ஃபங்ஷனுக்குள்ளயும் போய்ப் பாக்கும். அப்பவும் பாராமீட்டர் எனியாதான் இருக்கும், அதுல மட்டும் மாத்தமே இல்ல.

கேள்வி: அந்த எனி விஷயத்துலதான் எனக்கு சந்தேகம். விலை, எண்ணிக்கை ரெண்டையும் உள்ள பெருக்கறோம். பெருக்கணும்னா நம்பராத்தான இருக்கணும்? சின்னப் புள்ளைக்குத் தெரியறது டூலுக்குத் தெரியாதா? (ஐ.டி. ஊழியர், சென்னை)

பதில்: சின்னப் புள்ளைக்குத் தெரியும், பைத்தானுக்குத் தெரியாது. எக்ஸல்ல இருந்து எடுத்த சிஎஸ்வி ஃபைல்ல விலைங்கிற நெடுவரிசையை அப்படியே படிச்சீங்கன்னா 120-ங்கிறது ஸ்ட்ரிங்காதான் வரும், அதை 3-ஆல பெருக்கினா பைத்தான் எர்ரரே குடுக்காது, 120-ஐ மூணு தடவை ஒட்டி 120120120-னு அமைதியா குடுத்துடும். லிஸ்ட்டைப் பெருக்கினாலும் அதே கதை. நம்பை லைப்ரரியோட அர்ரேவைப் பெருக்கலாம், டெசிமலைப் பெருக்கலாம், நீங்களே ஒரு கிளாஸ் எழுதி அதுக்குப் பெருக்கல் சொல்லிக் குடுக்கலாம். ஆக உள்ள இருக்கிற வரியை மட்டும் வச்சு செக்கர் நேர்மையா சொல்லக்கூடியது ஒண்ணுதான், 'பெருக்கல் குறிக்கு பதில் சொல்லத் தெரிஞ்ச ஏதோ ஒண்ணு'. சரியாத்தான் இருக்கு, ஆனா அதை வச்சுக்கிட்டு 120120120 பில்லைத் தடுக்க முடியாது.

உங்க உள்ளுணர்வு தப்புன்னு சொல்லல. அப்படியே நடக்கிற மொழிகள் இருக்கு. ஓகேமல்ல இதே ஃபங்ஷனை டைப்பே எழுதாம குடுங்க, இன்ட்டும் இன்ட்டும் வாங்கி இன்ட் குடுக்கும்னு டக்குன்னு சொல்லிடும், ஏன்னா அந்த மொழில வெறும் நட்சத்திரக் குறி இன்ட்டுக்கு மட்டும்தான், ஃப்ளோட்டை (புள்ளி வச்ச தசம எண்) பெருக்கணும்னா நட்சத்திரத்துக்குப் பக்கத்துல புள்ளி வச்சு எழுதணும். புதுசா கத்துக்கறவங்க இந்தப் புள்ளியைத் திட்டாத நாளே கிடையாது.

இதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்குக்கு ஹிண்ட்லி மில்னர்னு பேர். ரோஜர் ஹிண்ட்லி 1969-ல லாஜிக் பக்கத்துல இருந்து கண்டுபிடிச்சார், ராபின் மில்னர் 1978-ல ப்ரோக்ராமிங் மொழிக்காகத் தனியா போய் அதே இடத்துல நின்னார், லூயிஸ் டமாஸ் 1982-ல அவரோட சேர்ந்து அதுக்கு நிரூபணம் குடுத்தார். வேலை செய்யற விதம் ரொம்ப அழகு, ஒரு தடவை கையால போட்டுப் பாருங்க. எஃப், எக்ஸ்னு ரெண்டு பாராமீட்டர், உள்ள எக்ஸை எஃப்புக்குக் குடுத்து, வர்றதைத் திரும்பவும் எஃப்புக்கே குடுக்கிறோம்னு வைங்க. ஆரம்பத்துல எதோட டைப்பும் தெரியாது, எக்ஸோட டைப்பை அ-ன்னு வச்சுக்கலாம். எஃப்புக்கு எக்ஸைக் குடுத்தோம், அதனால எஃப் ஒரு ஃபங்ஷனாத்தான் இருக்கணும், அது அ வாங்கி ஏதோ ஒண்ணு குடுக்குது, அதை ஆ-ன்னு வைப்போம். அடுத்து அந்த ஆ-வைத் திரும்ப எஃப்புக்கே குடுக்கிறோம், எஃப் வாங்கறது அ மட்டும்தானே, அப்ப ஆ-வும் அ-வும் ஒண்ணுதான். முடிஞ்சது கதை: அ வாங்கி அ குடுக்கிற ஒரு ஃபங்ஷன், கூட ஒரு அ, பதிலா வர்றதும் அ. ஒரு டைப் கூட நீங்க எழுதல, ஆனா எந்த அ-வுக்கும் பொருந்தற பொது டைப் கைக்கு வந்துருச்சு.

கவனிச்சீங்களா, ஒவ்வொரு படியிலயும் 'இதுவும் அதுவும் ஒண்ணு'ன்னுதான் முடிக்கிறோம், அந்த சமன் குறிதான் இந்த முறைக்கு உயிர். பைத்தான், டைப்ஸ்கிரிப்ட் மாதிரி மொழில ஒரு டைப் இன்னொண்ணுக்கு உள்ள அடங்கும், நாய் கிளாஸ் விலங்கு கிளாஸுக்குள்ள அடங்கற மாதிரி. அங்க 'ஒண்ணு'ன்னு சொல்ல முடியாது, 'இதுக்குள்ள அடங்கணும்'னுதான் சொல்ல முடியும், அப்ப சமன்பாடு எல்லாம் அசமன்பாடா மாறி, விடை ஒண்ணா வராம இவ்வளவுல இருந்து இவ்வளவுக்குள்ளன்னு ஒரு பட்டியலா வந்து நிக்கும், அதை எர்ரர் மெசேஜ்ல அச்சடிச்சா படிக்கிற ஆளு ஓடிருவான். ஆராய்ச்சில இதுக்கும் வழி கண்டுபிடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க, ஆனா நாம தினம் தொடற டூல்கள் அந்தப் பக்கமே போகல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். எல்லாத்தையும் தானே கண்டுபிடிக்கிற மொழிலயும் இதுக்கு ஒரு விலை உண்டு. ஓகேமல்ல மேல சொன்ன பில் ஃபங்ஷனைப் புள்ளி இல்லாத நட்சத்திரம் வச்சு எழுதிட்டு, வேற ஃபைல்ல இருந்து 10.50-ன்னு விலையை அனுப்புங்க. எர்ரர் அந்த வேற ஃபைல்லதான் வரும், இன்ட் வேணும் ஃப்ளோட் குடுத்துட்டன்னு. ஆனா பைசாவை மறந்தது ஃபங்ஷன் எழுதின ஆளு. பாராமீட்டருக்கு டைப் எழுதியிருந்தா எழுதும்போதே உறைச்சிருக்கும். ஹாஸ்கெல்லும் இதே குடும்பம்தான், அதோட ஜிஎச்சி கம்பைலருக்கு பெரும்பாலான டைப்பைத் தானா கண்டுபிடிக்கத் தெரியும், இருந்தும் வார்னிங் எல்லாத்தையும் ஆன் பண்ணா, மேல் மட்டத்துல இருக்கிற ஃபங்ஷனுக்கு டைப் எழுதலைன்னு குறை சொல்லும்.

கேள்வி: உள்ள பாக்க வேணாம், வெளிய பாக்கலாமே. அந்த ஃபங்ஷனை யார் யார் கூப்பிடறாங்க, என்ன அனுப்பறாங்கன்னு தேடினா டைப் தெரிஞ்சிடுமே? (ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: நல்ல கேள்வி, இதை நிஜமாவே செஞ்சு பாத்திருக்காங்க. ஃபேஸ்புக் 2014-ல ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஃப்ளோன்னு ஒரு செக்கர் வெளியிட்டாங்க, அது ஆரம்பத்துல கூப்பிடற இடங்களைப் பாத்து பாராமீட்டருக்கு டைப் தேடிச்சு. ரூபி 3.0, 2020 டிசம்பர்ல வந்தப்ப கூடவே வந்த டைப்ப்ராஃப் டூலும் கூப்பிடற இடத்துல இருந்து உள்ள போற வகைதான். கிரிஸ்டல்னு ஒரு மொழி இன்னும் ஒரு படி மேல, நீங்க எந்த டைப்பைக் குடுத்துக் கூப்பிடறீங்களோ அந்த டைப்புக்குன்னு ஃபங்ஷனைத் தனியா ஒரு தடவை சரிபாக்கும். அதனால அங்க யாருமே கூப்பிடாத ஃபங்ஷனுக்குள்ள டைப் தப்பு எவ்வளவு இருந்தாலும் வெளிய தெரியாது, நம்ம கோயம்புத்தூர் தம்பி கதைதான் வேற வேஷத்துல.

சிக்கல் எங்கன்னா, நாலு பேர் கூப்பிடறாங்க, மூணு பேர் நம்பர் அனுப்பறாங்க, நாலாவது ஆளு வெப் ஃபார்ம்ல இருந்து வந்த ஸ்ட்ரிங்கை மாத்தாம அப்படியே அனுப்பிட்டான்னு வைங்க. வெளிய பாத்து முடிவு பண்ற செக்கர், ஓஹோ இது நம்பரோ ஸ்ட்ரிங்கோ ரெண்டுல ஒண்ணு வாங்கும் போலன்னு எடுத்துக்கும். எர்ரர் வந்தா ஃபங்ஷனுக்கு உள்ள வரும், ஒழுங்கா எழுதின வரி மேல. தப்புப் பண்ண நாலாவது ஆளு மேல கை வைக்க அதுக்கு எந்த ஆதாரமும் இல்ல, ஏன்னா எது சரின்னே யாரும் சொல்லலையே, அவன் அனுப்பினதும் சாட்சில ஒண்ணாதான் சேரும். இதுல நீங்க எழுதறது லைப்ரரியா இருந்தா கூப்பிடறவங்களே கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க, அவங்க இனிமேதான் அதை டவுன்லோட் பண்ணப் போறாங்க.

வேகமும் ஒரு காரணம். ஒரு ஃபைல்ல ஒரு எழுத்து மாத்தினா அதைக் கூப்பிடற ஃபைல், அது கூப்பிடற ஃபைல்னு மொத்தத்தையும் திரும்பப் பாக்கணும். ஃப்ளோ 2020-ல அறிமுகப்படுத்தின டைப்ஸ் ஃபர்ஸ்ட் முறைல, ஒரு ஃபைல் வெளிய குடுக்கிற எல்லாத்துக்கும் எல்லையிலயே டைப் எழுதியாகணும்னு கேட்டாங்க, அப்பத்தான் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியா, ஒரே நேரத்துல பாக்க முடியும்னு.

பைத்தான்ல பைரைட்ங்கிற இன்னொரு செக்கர் ஒரு நடுவழி வச்சிருக்கு, எனக்கு அது பிடிச்சிருக்கு. பாராமீட்டருக்கு டைப் இல்லைன்னா அதைத் 'தெரியாது'ன்னே விட்டுடும். ஆனா நீங்க அந்த ஃபங்ஷனைக் கூப்பிடற இடத்துல, அனுப்பின ஆர்க்யுமென்ட்டை வச்சு உள்ள ஒரு தடவை ஓடிப் பாத்து, இந்தக் கூப்பிடலுக்கு மட்டும் என்ன திரும்பி வரும்னு சொல்லும், ஃபங்ஷன் ரொம்பப் பெருசா சிக்கலா இல்லாத வரைக்கும். ஒரே ஃபங்ஷன், 5 குடுத்த வரில இன்ட்னு காட்டும், 'அம்மா'ன்னு குடுத்த வரில ஸ்ட்ரிங்னு காட்டும்.

கேள்வி: டிஸ்கவுன்ட்ங்கிற பாராமீட்டருக்கு டிஃபால்ட்டா 0 குடுத்திருக்கேன். அதை வச்சாவது கண்டுபிடிக்குமா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: செக்கரைப் பொறுத்தது. மைபைக்கு அது அப்பவும் எனி. டைப்ஸ்கிரிப்ட் நம்பர்னு எடுத்துக்கும், அப்புறம் யாராவது கோட்ஸ் போட்டு '10'-னு அனுப்பினா விடாது. பைரைட் இன்ட்னு எடுத்துக்கும், இதுல ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா நீங்க மனசுல வச்சிருந்தது 12.5 சதவீதத்தையும் சேத்துதான், டிஃபால்ட் முழு எண்ணா இருந்தது தற்செயல். டெய்லர்கிட்ட அளவு ஜாக்கெட் குடுத்துட்டு வர்ற மாதிரிதான் டிஃபால்ட் வேல்யூ, குடுத்தது பத்து வருஷத்துக்கு முன்னாடி போட்டதுன்னா வர்றதும் அந்த அளவுலதான் வரும். 0.0-ன்னு எழுதுங்க, இல்லைன்னா ஒழுங்கா ஃப்ளோட்னு டைப்பே எழுதிடுங்க. டிஃபால்ட்டே 'நன்'னு இருந்தா பைரைட்டுக்கும் பெருசா ஒண்ணும் தெரியாது, 'நன்' ஆக இருக்கலாம், இல்லைன்னா தெரியாதுன்னுதான் வச்சுக்கும்.

கேள்வி: டைப்ஸ்கிரிப்ட்ல மேப், ஃபில்டர் எல்லாம் (அர்ரேல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டறது) எழுதும்போது உள்ள வர்ற எக்ஸுக்கு யாரும் டைப் எழுதறதே இல்ல, ஆனாலும் புள்ளி வச்சதும் சரியான மெத்தட் லிஸ்ட் வருது. அதே ஃபங்ஷனை வெளிய எடுத்துத் தனியா வச்சா, எக்ஸ் மறைமுகமா எனி ஆகுதுன்னு 7006 நம்பர் எர்ரர். ஒரே கோடுதானே? (வெப் டெவலப்பர், பெங்களூர்)

பதில்: கோடு ஒண்ணுதான், அது நிக்கிற இடம் வேற. அர்ரேல நம்பர் இருக்குன்னு செக்கருக்கு ஏற்கனவே தெரியும். மேப்போட சொந்த டைப்ல, எனக்குக் குடுக்கிற ஃபங்ஷன் அர்ரேல இருக்கிற பொருளைத்தான் முதல் பாராமீட்டரா வாங்கும்னு எழுதியிருக்கு. நீங்க அந்த ப்ராக்கெட்டுக்குள்ள ஒரு ஃபங்ஷனை எழுதினதும் மேல இருந்து கீழ டைப் இறங்குது, எக்ஸ் நம்பர்னு ஆகுது. இது யூகமே கிடையாது, வேற ஒருத்தர் எழுதி வச்ச டைப்பைக் கடன் வாங்கறது. வெளிய எடுத்துத் தனி வரில வச்சீங்கன்னா அந்த வரில கடன் குடுக்க ஆள் இல்ல, பின்னாடி எங்கயோ மேப்புக்குப் போகப் போகுதுன்னு டைப்ஸ்கிரிப்ட் முன்னாடி ஓடிப் போய்ப் பாக்காது, அதனால 7006. ஃபங்ஷனை வைக்கிற வேரியபிளுக்கு டைப் குடுத்துட்டீங்கன்னா திரும்ப சரியாயிடும்.

பெஞ்சமின் பியர்ஸும் டேவிட் டர்னரும் 1998-ல இந்தப் பக்கத்து வீட்டுத் தகவலை மட்டும் வச்சு டைப் கண்டுபிடிக்கிற முறையை எழுதி வச்சாங்க, டைப் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கற மொழிக்கும் இது தாங்கும்னு. இன்னிக்கு நிறைய மொழிகள் ஏதோ ஒரு அளவுல அந்த வழிலதான் போகுது. ரஸ்ட்டைப் பாருங்க, பேர் வச்ச ஃபங்ஷன்னா பாராமீட்டருக்கு டைப் எழுதியே ஆகணும், எழுதாம கம்பைலே ஆகாது, ஆனா க்ளோஷருக்கு (பேர் இல்லாம அங்கயே எழுதற குட்டி ஃபங்ஷன்) எழுத வேணாம். அதுலயும் ஒரு கட்டுப்பாடு: வாங்கினதை அப்படியே திருப்பிக் குடுக்கிற ஒரு க்ளோஷரை எழுதி, முதல்ல 5 குடுத்துக் கூப்பிட்டுட்டு அடுத்த வரில ஸ்ட்ரிங் குடுத்துப் பாருங்க, இன்ட்டுன்னு முடிவாயிருச்சு, இப்ப வந்து மாத்திக் கேக்கறியேன்னு எர்ரர். முதல் கூப்பிடல்தான் அங்க தீர்ப்பு.

கேள்வி: எங்க ஆபீஸ்ல பல வருஷத்து பைத்தான் கோடு, ஒரு டைப்பும் கிடையாது. மேனேஜர் 'டைப் போட்டுருங்க'ன்னு ஒரு வரில சொல்லிட்டார். எங்க இருந்து ஆரம்பிக்கிறது? தானா போட்டுக் குடுக்கிற டூல் இருக்கா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: இருக்கு. இன்ஸ்டாகிராம் 2017-ல வெளியிட்ட மங்கிடைப், ப்ரோக்ராம் ஓடும்போது பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் நிஜமா என்ன டைப் வந்துச்சுன்னு குறிச்சு வச்சுக்கிட்டு, அப்புறம் அதை அனொட்டேஷனா எழுதிக் குடுக்கும். டைப்ஸ்கிரிப்ட்டா இருந்தா விஎஸ் கோடுல அந்த மஞ்சள் பல்பை அமுக்கினா, பயன்படுத்தற விதத்தை வச்சு பாராமீட்டர் டைப் போடவான்னு கேக்கும். ரெண்டையும் முதல் வரைவா எடுத்துக்கோங்க, அப்படியே கமிட் பண்ணிடாதீங்க. டெஸ்ட்ல எப்பவும் லிஸ்ட் அனுப்பியிருப்பீங்க, மங்கிடைப் இன்ட் லிஸ்ட்னு எழுதும். ஆனா உங்க ஃபங்ஷன் உள்ள ஒரே ஒரு ஃபார் லூப்தான் ஓட்டுது, டப்பிள் குடுத்தாலும் செட் குடுத்தாலும் ஜெனரேட்டர் குடுத்தாலும் ஓடும், அங்க இட்டரபிள்னு, அதாவது ஒவ்வொண்ணா எடுக்கக்கூடிய எதுவும்னு, எழுதறதுதான் சரி. இது வரைக்கும் என்ன வந்துச்சுன்னு டூலுக்குத் தெரியும், இனிமே என்ன வரலாம்னு நீங்கதான் சொல்லணும். வாங்கற இடத்துல தாராளமா எழுதுங்க, திருப்பிக் குடுக்கிற இடத்துல இன்னதுன்னு குறிப்பா எழுதுங்க. ரிட்டர்ன் டைப் எழுத சோம்பலா இருந்தா பைரைட் தானே கண்டுபிடிச்சுக்கும், மைபை கண்டுபிடிக்காது, எழுதாத ரிட்டர்ன் அதுக்கு எனிதான்.

வரிசைன்னு கேட்டா, முதல்ல செக் அன்டைப்ட் டெஃப்ஸை ஆன் பண்ணி, வர்ற எர்ரரை மட்டும் சரி பண்ணுங்க, ஒரு அனொட்டேஷனும் எழுத வேணாம், இதுலயே நிஜமான பக் சிலது வெளிய வரும். அடுத்து நிறைய இடத்துல இருந்து கூப்பிடற ஃபைலாப் பாத்து, யூட்டில்ஸ்னு பேர் வச்ச ஒண்ணு எல்லா ஆபீஸ்லயும் இருக்கும் பாருங்க, அதுல இருக்கிற எல்லா பாராமீட்டருக்கும் எழுதிட்டு, அந்த ஒரு மாட்யூலுக்கு மட்டும் டைப் எழுதாத ஃபங்ஷனைத் தடுக்கிற ஆப்ஷனைக் கான்ஃபிக் ஃபைல்ல போட்டுடுங்க, அதுக்கப்புறம் யாரும் அங்க டைப் எழுதாம விட்டு எனியை நுழைக்க முடியாது. மொத நாளே ஸ்ட்ரிக்ட் மோட் போட்டீங்கன்னா எர்ரர் கொட்டும், மேனேஜர் அதைப் பாத்துட்டு திட்டத்தையே கைவிட்டுருவார்.

'நன்'னு டிஃபால்ட் இருக்கிற பாராமீட்டரைத் தனியா தேடி எடுங்க. பழைய பாடங்கள்ல இன்ட்னு டைப் எழுதி பக்கத்துல சமம் 'நன்'னு போட்டிருப்பாங்க, மைபை 2022 வரைக்கும் அதைத் தானாவே 'இன்ட் இல்லைன்னா நன்'னு எடுத்துக்கிச்சு, 0.990 வெர்ஷன்ல இருந்து எர்ரர் குடுக்குது. இப்ப நீங்களே 'இன்ட் இல்லைன்னா நன்'னு எழுதினீங்கன்னா, அடுத்த நிமிஷம் உள்ள அந்தப் பாராமீட்டரை நேரா கூட்டற, பெருக்கற ஒவ்வொரு வரியும் சிவப்பா மாறும். அந்த வரிகளை முதல்ல பாருங்க.